பின்தங்கிய பிரதேசமா, பின்தள்ளப்பட்ட பிரதேசமா? மலையகப் பெருந்தோட்ட வறுமை பற்றிய ஒரு விவாதம்

இலங்கையின் பிரதேச வறுமை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு விளக்கங்கள் முன்வந்து நிற்கின்றன. ஒன்று, படித்தவர்கள் மேடையிற் கூறுவது. மற்றொன்று, அவர்களே மேடையை விட்டிறங்கியபின் தமக்குள் கூறிக்கொள்வது.

முதலாவது விளக்கத்தின்படி வறுமை தூரத்தின் விளைவாகும். கொழும்பிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் ஒரு பிரதேசம் எவ்வளவு தொலைவில் அமைந்துள்ளதோ அவ்வளவுக்கு அது வறியதாயிருக்கும். வீதியும் மின்சாரமும் தொலைத்தொடர்பும் வந்துசேர்ந்தாற் சந்தை வந்துசேரும். சந்தை வந்துசேர்ந்தால் வறுமை அகலும். அங்ஙனம் அகலாத இடத்து மக்கள் வளர்ச்சி நிகழும் இடத்தை நாடிப் பெயர்ந்து செல்லலாம். உலக வங்கி 2009 ஆம் ஆண்டுக்கான தனது உலக அபிவிருத்தி அறிக்கையைப் பொருளாதாரப் புவியியலுக்கென ஒதுக்கி இக்கருத்துக்கு ஒரு சாத்திரத் தகைமையை வழங்கிற்று. பொருளாதார வளர்ச்சி எங்கணும் சமமாகப் பரவுவதில்லை, அதனை வலிந்து பரப்ப முயல்வது வளர்ச்சிக்கே ஊறு செய்யும் என்பது அதன் சாரம். இரண்டாவது விளக்கம் அச்சில் அதிகம் வருவதில்லை. அவர்கள் குடிக்கிறார்கள், சேமிப்பதில்லை, பிள்ளைகளைப் படிப்பிக்காமல் வேலைக்கு அனுப்புகிறார்கள், தோட்டத்தை விட்டு வெளியே வர விரும்புவதில்லை என்ற வகையில் அமைவது அது.

இவ்விரு விளக்கங்களும் ஒன்றோடொன்று முரண்படுவனபோலத் தோன்றினும் ஒரே காரியத்தையே நிறைவேற்றுகின்றன. வறுமைக்குப் பொறுப்பாளர் எவரேனும் இருக்கக்கூடும் என்ற ஐயத்தை அவை எழாமற் செய்துவிடுகின்றன. தூரத்தின்மீது எவரும் வழக்குத் தொடர முடியாது, பழக்கத்தின்மீதும் முடியாது.

பிரதேச சமனின்மை பற்றிய கோட்பாடுகள் பொருளியல் மாணவருக்குப் புதியன அல்ல. குன்னார் மிர்டால் 1957 இலும் அல்பேர்ட் ஹேர்ஷ்மன் 1958 இலும் இதுபற்றி விரிவாக எழுதினர். வளரும் மையத்திலிருந்து செழிப்பு காலப்போக்கிற் சுற்றுப்புறத்துக்கும் கசியும் என்பதில் ஹேர்ஷ்மனுக்கு ஓரளவு நம்பிக்கை இருந்தது. மிர்டாலுக்கு அந்நம்பிக்கை இல்லை. சந்தைச் சக்திகளைத் தம்போக்கில் விட்டால் அவை சமனின்மையைக் குறைப்பதிலும் பார்க்கக் கூட்டுவதே இயல்பு என்றும், மூலதனமும் இளைஞரும் திறனும் மையத்தால் ஈர்க்கப்படத் திரும்பி வருவது சொற்பமே என்றும் அவர் வாதிட்டார். நிலப்பரப்பில் நாட்டின் 6 சதவீதத்திலும் குறைந்த மேல் மாகாணம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ அரைப்பங்கைத் தன்னகத்தே கொண்டிருந்தது; இடையிற் சற்றுக் குறைந்தபோதும் இன்றும் அதன் பங்கு ஐந்தில் இரண்டுக்கு மேலாகும். மிர்டாலின் கூற்றுக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. எனினும் மையம் ஈர்க்கின்றது என்று கூறுவதோடு அமைந்துவிடுதல் போதாது. எந்த நிறுவனத்தின் வழியாக, எந்தச் சட்டத்தின் துணையோடு, எவருடைய கையினின்றும் எவருடைய கைக்கு என்ற வினாக்கள் விடுக்கப்படல் வேண்டும். அவ்வினாக்களுக்கு மிகத் தெளிவான விடைதரும் பிரதேசம் மலையகம்.

தூரமே வறுமையின் காரணமாயின், இலங்கையில் எல்லாவற்றுக்கும் முன்னதாக வறுமையினின்று விடுபட்டிருக்க வேண்டிய பிரதேசம் இதுவேயாகும். கண்டிக்குப் புகையிரதம் 1867 இல் வந்தது; நானுஓயாவுக்கு 1885 இலும், பண்டாரவளைக்கு 1894 இலும், பதுளைக்கு 1924 இலும் வந்தது. கொழும்பிலிருந்து வரும் புகையிரதத்துக்கு யாழ்ப்பாணம் 1905 வரை காத்திருந்தது. மட்டக்களப்பு அதற்கும் பிந்தியது. கண்டிக்குப் புகையிரதம் வந்த அதே 1867 இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிற் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். கொழும்புத் தேயிலை ஏலம் 1883 இல் தொடங்கிற்று. ஆக, உலகச் சந்தையோடு ஒன்றரை நூற்றாண்டு காலமாக இரும்புத் தண்டவாளத்தாற் பிணைக்கப்பட்டிருக்கும் மக்கள் இவர்கள். அம்மக்களின் நிலை என்ன? தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆம் ஆண்டுக் கணிப்பில் வறுமைக்கோட்டின் கீழ் வாழ்வோர் நகரத் துறையில் 6.0 சதவீதம், கிராமியத் துறையில் 15.0 சதவீதம், தோட்டத் துறையில் 51.3 சதவீதம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் 2016 இல் நாடு முழுவதற்கும் 17.3 சதவீதமாயிருக்க, தோட்டத் துறையில் 31.7 சதவீதமாக இருந்தனர். எல்ல நோக்கிச் செல்லும் புகையிரதத்தின் யன்னலினூடாக உலகெங்குமிருந்து வருவோர் படம்பிடித்துச் செல்லும் அப்பசுமைக்குள்ளேதான் அந்த மூன்றில் ஒரு பிள்ளை வளர்கின்றது.

சந்தையின் வருகை வறுமையைப் போக்கும் என்போர் இவ்விடத்து ஒரு சொல்லேனும் கூறக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் பெரும்பாலும் மௌனம் சாதிக்கின்றனர். அல்லது தோட்டத்தை ஒரு விதிவிலக்காக ஒதுக்கிவிடுகின்றனர். நாட்டின் ஏற்றுமதி வருமானத்தை நூறாண்டுகளுக்கு மேலாகத் தாங்கிநின்ற துறை எவ்வாறு விதிவிலக்காகும் என்பது விளங்கவில்லை.

பழைய பாடநூல்கள் இலங்கைப் பொருளாதாரத்தை இருமைப் பொருளாதாரம் என வருணித்தன. பெருந்தோட்டம் நவீன துறை; கிராமம் மரபுவழித் துறை. 1982 இல் வெளிவந்த தமது நூலில் எஸ். பி. டி. டி சில்வா இப்பாகுபாட்டையே தலைகீழாக்கினார். தொழிற்சாலையின் இயந்திரங்களை நீக்கிப் பார்த்தால் தோட்டத்தில் நவீனமானது எது என்பது அவருடைய வினா. மலையிலே கொழுந்து பறிக்கும் முறை பாட்டியின் காலத்திலிருந்து பேத்தியின் காலம்வரை ஏறக்குறைய மாறாதிருந்தது. மாற்றவேண்டிய தேவை முதலீட்டாளனுக்கு எழவில்லை. மலிவான, வேறெங்கும் போகமுடியாத உழைப்புக் கையிலிருக்கும்போது பொறியிலும் பயிற்சியிலும் பணத்தை முடக்க எவனும் முன்வரான். ஜோர்ஜ் பெக்ஃபோர்ட் 1972 இல் கரீபியத் தோட்டங்களை முதன்மையாக வைத்து இதனையொத்த முடிபுக்கே வந்திருந்தார். தோட்டம் வறுமையை நீக்க மறந்த ஒரு நிறுவனமன்று. வறுமை அதன் உற்பத்திச் செலவுக் கணக்கில் ஓர் உருப்படி.

ஒரு கிலோ தேயிலையின் பயணத்தைப் பின்தொடர்ந்தால் இது புலப்படும். கொழுந்து மலையிற் பறிக்கப்பட்டு, தோட்டத்துத் தொழிற்சாலையில் வாட்டி அரைத்து உலர்த்தப்பட்டு, கொழும்புக்கு இறங்குகின்றது. தரகர் வழியே ஏலத்தில் விற்பனையாகின்றது. ஏற்றுமதியாளர் அதனைக் கலந்து பொதிசெய்து கப்பலேற்றுகின்றார். தரகும் களஞ்சியமும் வங்கிக் கடனும் காப்புறுதியும் பொதிசெய்தலும் விளம்பரமும் கப்பற் கட்டணமும் எல்லாம் கொழும்பிலோ அதற்கப்பாலோ நிகழ்வன. முகாமைக் கம்பனியின் தலைமையகமும் கொழும்பிலேயே உண்டு. ஆண்டுதோறும் 130 கோடி டொலர் அளவிலே வருமானம் தரும் ஒரு பொருளில் மலையில் தங்குவது நாட்சம்பளம் மட்டுமே. அந்நாட்சம்பளமும் அரிசிக்கும் கோதுமை மாவுக்கும் கடன் தவணைக்கும் செலவாகி மீண்டும் கீழே இறங்கிவிடுகின்றது. மலைநாட்டு நகரங்கள் ஏன் கடைத்தெருக்களாகவே நின்றுவிட்டன, ஏன் ஹற்றனிலோ தலவாக்கலையிலோ தேயிலையைச் சார்ந்த துணைத்தொழில்கள் முளைக்கவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை. மாகாண மொத்த உற்பத்திக் கணக்கிலே தேயிலையின் பெறுமதியில் ஒரு பகுதி அது விளைந்த மாகாணத்தின் பேரில் எழுதப்படுவதே இல்லை.

தேயிலைப் பயிரே வறுமையின் வித்து என்று எவரேனும் கருதின், அவர் தென்மாகாணத்தையும் சபரகமுவையையும் பார்க்கவேண்டும். இன்று இலங்கைத் தேயிலையின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிறுதோட்ட உடைமையாளராற் பெறப்படுகின்றது. அவர்களிற் பெரும்பாலோர் காலி, மாத்தறை, இரத்தினபுரி போன்ற தாழ்நாட்டு மாவட்டங்களிலே ஓர் ஏக்கரோ அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ வைத்திருப்பவர்கள். 1970களிலிருந்து அவர்களுக்கென அரசு ஓர் அதிகாரசபையை அமைத்தது. மீள்நடுகைக்கு மானியம் வழங்கியது. உரத்தைச் சகாய விலைக்குக் கொடுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பச்சைக்கொழுந்தின் விலையை ஒரு சூத்திரத்தால் நிர்ணயித்தது. தேயிலை விற்பனையாற் பெறும் தொகையில் 68 சதவீதம் கொழுந்தை வழங்கியவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலை உரிமையாளருக்கு என்பது அதன் அடிப்படை. சிறுதோட்டக்காரர் எல்லோரும் செல்வந்தரல்லர். உரமும் கூலியும் போக அவர்கள் கையில் நிற்பது அற்பமாயிருக்கும் ஆண்டுகளும் உண்டு. ஆயினும் தேயிலையின் விலை ஏறும்போது அதன் பெரும்பங்கு தம்மை வந்தடையும் என்பது அவர்களுக்குச் சட்டத்தால் உறுதிசெய்யப்பட்டிருக்கின்றது. காணியுறுதியை வங்கியில் வைத்துக் கடன்பெறலாம். பிள்ளையின் படிப்புக்காக ஒரு துண்டை விற்கலாம். வேலிக்குள் மிளகும் வாழையும் வைக்கலாம். பயிர் ஒன்றே, ஏற்றுமதிச் சந்தை ஒன்றே, ஏலமும் ஒன்றே. மலைநாட்டுத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவளுக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. அவள் பறிக்கும் செடியும் அவளுடையதன்று. அவள் உறங்கும் லயத்து அறையும் அவளுடையதன்று. பல தலைமுறையாக அவ்வறையிலே பிறந்தவர்களுக்கும் அதன்மீது உறுதி கிடையாது.

இனிக் குடியும் பழக்கமும் பற்றிய விளக்கத்தைக் கவனிக்கலாம். இதற்குப் புள்ளிவிபரங்களே போதிய மறுப்பாக உள்ளன. 1990/91 இல் தோட்டத் துறையின் வறுமை 20.5 சதவீதம், கிராமியத் துறையினது 29.4 சதவீதம். அதாவது அன்று தோட்டத்தைவிடக் கிராமமே வறியதாயிருந்தது. 1995/96 இல் தோட்டம் 38.4 சதவீதத்துக்கு ஏறிற்று, கிராமம் 30.9. 2002 இல் தோட்டம் 30.0, கிராமம் 24.7. 2006/07 இல் கிராமத்தின் வறுமை 15.7 சதவீதமாகச் சரிந்துவிட, தோட்டத்தின் வறுமை 32.0 சதவீதத்தில் நின்றது. பதினாறு ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் குடிப்பழக்கமும் குடும்ப அமைப்பும் இவ்வளவு தலைகீழாக மாறிவிட்டனவா? மாறியது வேறொன்று. 1992 இல் அரசு கூட்டுத்தாபனங்களின் பிடியிலிருந்த தோட்டங்களின் முகாமை 22 பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் கைமாறிற்று. பின்னர் 53 ஆண்டுக் குத்தகைகள் எழுதப்பட்டன. தொடக்கத்திற் குறிக்கப்பட்ட குத்தகைப் பணம் தோட்டம் ஒன்றுக்கு ஆண்டொன்றுக்கு 500 ரூபா. ஐந்நூறு ரூபா! அத்தொகை 1996 இல் உயர்த்தப்பட்டதென்பது உண்மையே. ஆயினும் பல நூறு ஏக்கர் தேயிலைக்கு அப்படியொரு வாடகையை எழுதத் துணிந்தவர்கள், அதே ஆண்டுகளில் தொழிலாளியின் நாட்கூலியிற் சில ரூபாய்களைக் கூட்டுவதற்கு மாதக்கணக்கிற் பேரம்பேசினர் என்பது பொருளாதார வரலாற்றில் மறக்கத்தக்க செய்தியன்று.

2006/07 இன் பின் நிகழ்ந்தது இன்னும் தெளிவானது. 2006 டிசம்பரில் தோட்டங்கள் பரவலாக வேலைநிறுத்தத்தில் இறங்கின. 195 ரூபாவாக இருந்த நாட்கூலி 260 ரூபாவாயிற்று. 2009 இல் கொடுப்பனவுகளோடு சேர்த்து 405 ரூபாவாயிற்று. 2009/10 ஆம் ஆண்டு ஆய்விலே தோட்ட வறுமை 11.4 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. வெளியே சென்று உழைத்த இளைஞர் அனுப்பிய பணத்துக்கும் இதிற் பங்குண்டு. ஆனால் மூன்றாண்டுகளில் இவ்வளவு வீழ்ச்சி ஏற்படுமாயின், அம்மக்கள் வறியவராயிருந்தது அவர்களுடைய குணத்தாலா கூலியாலா என்பதைத் தர்க்கித்துக்கொண்டிருக்க வேண்டுமா?

இவ்விடத்து 2016 க்கும் 2019 க்கும் இடையிலுள்ள ஒரு விநோதத்தையும் சுட்டுதல் தகும். 2016 இல் தோட்ட வறுமை 8.8 சதவீதம் என்று அரசு அறிவித்தது. பல மேடைகளில் அது சாதனையாக எடுத்தோதப்பட்டது. 2019 இல் அதே துறையின் வறுமை 51.3 சதவீதம். இடையிற் பஞ்சமோ போரோ நிகழவில்லை, அளவுகோல் மாற்றப்பட்டது. ஒருவருக்கு மாதம் 4,166 ரூபா என்றிருந்த வறுமைக்கோடு புதிய அடிப்படையிற் கணிக்கப்பட்டு 6,966 ரூபாவாயிற்று. நாடு முழுவதற்கும் 4.1 சதவீதமாயிருந்த வறுமை புதிய கோட்டின்படி 14.3 சதவீதமாயிற்று. அதாவது மூன்றரை மடங்கு. தோட்டத்திலோ ஏறத்தாழ ஆறு மடங்கு. ஏன் இந்த வேறுபாடு? கிராமத்திலும் நகரத்திலும் வருமானங்கள் பலதிறப்பட்டவை. கோட்டைச் சற்று உயர்த்தினாற் சிலர் மட்டும் அதன்கீழ் அகப்படுவர். தோட்டத்திலோ எல்லோரும் ஒரே நாட்கூலி பெறுபவர்கள். எனவே எல்லோரும் கோட்டுக்குச் சற்று மேலே நெருக்கமாகக் குவிந்து நிற்கின்றனர். கோடு ஓரங்குலம் உயர்ந்தாற் பாதிச் சமூகமே மூழ்கிவிடுகின்றது. 8.8 என்ற எண் வறுமையினின்று விடுபட்ட சமூகத்தின் எண்ணன்று. கழுத்தளவு நீரில் நின்றவர்களின் எண்.

சந்தையும் கம்பனியும் மட்டும் இதனைச் செய்தன என்று கூறுவதும் முழுமையாகாது. அரசின் சட்டப்புத்தகத்தைப் புரட்டினால் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பூட்டுக் காணப்படும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து வந்த 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களும் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரைக் குடியுரிமையும் வாக்குமற்றோராக்கின. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. இறுதி மிச்சம் தீர்ந்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான். இதனை அரசியல் வரலாறாக மட்டுமே படிப்பது வழக்கம். பொருளியல் மாணவர் இதனை வேறுவிதமாகவும் படித்தல் வேண்டும். வாக்கற்ற சனத்தொகைக்குப் பாடசாலையும் வைத்தியசாலையும் வீதியும் கேட்டுப் பாராளுமன்றத்தில் எழுந்து நிற்க எவருக்கும் தேவையிருக்கவில்லை. இலவசக் கல்வியின் பயன் நாட்டின் ஏனைய பகுதிகளில் மூன்று தலைமுறைக்கு முன்னரே முளைவிட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1970களிலேதான். அந்த ஒரு தலைமுறைத் தாமதத்தை எந்தப் புகையிரதத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

குடியுரிமை வந்தபின்னும் பூட்டுகள் அகலவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவிட்டு வேலை செய்வதற்குத் தடையாயிருந்தது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினரைத் தெரிவுசெய்யலாம்; அவ்வுறுப்பினர் தமக்கு வாக்களித்தவரின் லயத்து வாசலில் ஒரு மின்விளக்கு இட முயன்றாற் சட்டம் குறுக்கே நின்றது. இத்தடை 2018 இலேதான் திருத்தப்பட்டது. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 2012 தொகைமதிப்பின்படி 7 இலட்சத்துக்கு மேல். அதற்கு 2010களின் இறுதிவரை இருந்த பிரதேச செயலகப் பிரிவுகள் 5. அம்பாந்தோட்டையின் சனத்தொகை 6 இலட்சம். அதன் பிரிவுகள் 12. ஒரு பிறப்புச் சான்றிதழுக்காகவும் ஒரு கொடுப்பனவுக்காகவும் இரண்டு நாட்கூலியை இழப்பவனைப் பார்த்து, அரச திட்டங்களைப் பயன்படுத்தத் தெரியாதவன் என்று எழுதும் ஆய்வுகள் இவ்வெண்களைத் தமது பின்னிணைப்பிலேனும் சேர்த்திருக்கலாம்.

பல்கலைக்கழகத்தாருக்கு நன்கு பழக்கமான ஒரு விடயமும் இதனோடு தொடர்புடையது. அனுமதியில் மாவட்டத்தை அலகாகக் கொள்ளும் முறையில், கலைத்துறை நீங்கலான பெரும்பாலான துறைகளில், 55 சதவீத இடங்கள் மாவட்டங்களுக்குச் சனத்தொகை விகிதப்படியும் 5 சதவீதம் வாய்ப்பு வசதி குறைந்த மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அப்பட்டியலில் உள்ளன. ஆனால் மாவட்டம் என்பது ஒரு சராசரி. விஞ்ஞான ஆய்வுகூடமுள்ள நகரப் பாடசாலையும் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் தோட்டப் பாடசாலையும் அச்சராசரிக்குள்ளே சமமாகிவிடுகின்றன. பின்தங்கிய மாவட்டத்தின் பேரால் வரும் இடத்தைப் பெறுபவர் அம்மாவட்டத்தின் பின்தங்கியவர்தாமா என்று எவரும் வினவுவதில்லை.

காணிச் சீர்திருத்தம் இப்பூட்டுக்களைத் திறந்திருக்க வேண்டும். 1972 ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் நிலங்களுக்கு உச்சவரம்பு விதித்தது. 1975 ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. இடதுசாரிகள் அதனை வரவேற்றனர், கொள்கையளவில் வரவேற்கத்தக்கதே. ஆனால் நிலம் கைமாறியபோது அதிலே உழைத்தவன் கணக்கில் எடுக்கப்படவில்லை. பல இடங்களில் அவன் லயத்திலிருந்தே விரட்டப்பட்டான். அதற்கு முன்னரே, 1973–74 உணவுத் தட்டுப்பாட்டின்போது, நெற்காணியும் வீட்டுத்தோட்டமுமற்ற தோட்டங்களிலே இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பார்க்கக் கூர்மையாக உயர்ந்திருந்தது. 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகளைப் பிரித்துக்கொடுப்பதை எதிர்த்து நின்ற தொழிலாளர்மீது டெவன் தோட்டத்திற் பொலிசார் சுட்டதில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். நிலச் சீர்திருத்தம் நிகழ்ந்த நாட்டிலே, அந்நிலத்திற் பரம்பரையாக உழைத்தோர் நிலத்தை இழப்பதற்கு எதிராக உயிர்கொடுக்க நேர்ந்தது.

மக்கள் வளர்ச்சியை நாடிப் பெயரட்டும் என்ற உபதேசத்துக்கும் மலையகம் போதிய விடையளித்துவிட்டது. அவர்கள் பெயராமல் இருந்ததே இல்லை. கொழும்பின் வீடுகளிலே சமையலறையிலும், கடைகளிலே கல்லாவுக்குப் பின்னாலும், ஆடைத் தொழிற்சாலைகளிலும், வளைகுடா நாடுகளிலும் அவர்களுடைய பிள்ளைகளைக் காணலாம். கல்வியும் காணியுமின்றிப் பெயர்பவன் தன் வறுமையையும் உடன்கொண்டே பெயர்கின்றான். 1958, 1977, 1983 வன்செயல்களிற் துரத்தப்பட்டோர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடுவெட்டிக் குடியேறினர். 1977 இன் பின் காந்தியம் இயக்கம் அவர்களுட் பலரை வவுனியாப் பகுதியிற் குடியமர்த்திற்று. அவர்களிற் பலருக்கு அங்கும் காணியுறுதி கிடைக்கவில்லை. காணியுள்ளோரின் வயலிற் கூலிகளாயினர். பின்னர் போரின் முழுச்சுமையும் அவர்கள்மேல் விழுந்தது. 2016 இல் இலங்கையின் மிக வறிய மாவட்டம் கிளிநொச்சி, 18.2 சதவீதம், 2019 இல் முல்லைத்தீவு, 44.5 சதவீதம். மலையக வறுமையும் வன்னி வறுமையும் வெவ்வேறு அத்தியாயங்களில் எழுதப்படுகின்றன. ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகள் இரண்டு அத்தியாயங்களிலும் இடம்பெறுவதை அந்நூல்கள் காண்பதில்லை. யாழ்ப்பாணத்து அறிவாளிகளும் இதனை அதிகம் பேச விரும்புவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

வன்னி வேறொன்றையும் காட்டுகின்றது. 2009 இல் போர் முடிந்தபின் சில ஆண்டுகள் வட மாகாணத்தின் வளர்ச்சி வேகம் ஏனைய மாகாணங்களை விஞ்சியிருந்தது. ஏ-9 வீதி செப்பனிடப்பட்டது. வங்கிக் கிளைகளும் குத்தகைக் கொள்வனவுக் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வீதியோரமெங்கும் முளைத்தன. ஆனால் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் மீண்டும் முன்போல் இயங்கவில்லை. வீதி போட்ட ஒப்பந்தகாரனின் இலாபமும் கடன் கொடுத்தவனின் வட்டியும் வந்த வீதியாலேயே திரும்பிச் சென்றன. வட்டியைச் செலுத்த முடியாத பெண்களுக்காக 2018 இல் அரசே நுண்கடன் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. வீதி இருபுறமும் ஓடும் என்பதை வீதியே தீர்வு என்போர் எண்ணிப்பார்ப்பதில்லை.

கம்பனிகளிடம் ஒரு வலுவான வாதம் இருக்கின்றது; அதனைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. உற்பத்திச் செலவில் மிகப் பெரும்பங்கு கூலியே; இலங்கைத் தொழிலாளி நாளொன்றுக்குப் பறிக்கும் கொழுந்து கென்யாவிலும் அசாமிலும் பறிக்கப்படுவதிலும் குறைவு; கூலியை மேலும் உயர்த்தினாற் தோட்டம் மூடப்படும் என்கின்றனர். கொழுந்து குறைவு என்பது உண்மை. ஏன் குறைவு? மலைநாட்டிற் பெரும் பரப்பு இன்னும் ஆங்கிலேயர் காலத்து விதைத் தேயிலையே. ஆண்டுதோறும் 2 சதவீதமேனும் மீள்நடுகை செய்யவேண்டும் என்பது நெடுங்காலப் பரிந்துரை. கம்பனிகள் அதனை எட்டவில்லை. செடி கிழடாகி, மண் கழுவுண்டு, இடைவெளி பெருகிய மலையிலே எவ்வளவு விரைவாகக் கையை வீசினாலும் கூடை நிறையாது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை அரசு திடீரெனத் தடைசெய்ததும், அடுத்த ஆண்டில் நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 25 கோடி கிலோவுக்கு வீழ்ந்தது. மண்ணுக்கு ஊட்டமில்லையேல் விளைவு குறையும் என்பதை அவ்வாண்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்டனர். அதனைப் பறிப்பவளின் சோம்பல் என்று எவரும் கூறவில்லை. முதலீட்டின் குறையை உழைப்பின் குறையாக எழுதும் இக்கணக்கு முறையிலேதான் கூலிப் பேச்சுவார்த்தை ஒவ்வொன்றும் நடைபெறுகின்றது. ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின்பின் 2021 இல் சம்பளச் சபை வழியாகவே நிறைவேறிற்று. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தினின்றும் விலகிக்கொண்டன. 2024 இல் நாட்கூலி 1,350 ரூபாவாக்கப்பட்டது. இதற்கிடையே 2022 இன் பணவீக்கம் ஆயிரம் ரூபாவின் கொள்வனவு வலுவைக் கரைத்துவிட்டிருந்தது.

அண்மைக்காலத்தில் வருமானப் பங்கீடு, வெளிப்பயிரிடுவோர் முறை என்ற பெயர்களிற் புதியதோர் ஏற்பாடு பேசப்படுகின்றது. தொழிலாளிக்குச் சில ஆயிரம் செடிகளைப் பொறுப்புக் கொடுத்து, அவர் பறித்துத் தரும் கொழுந்துக்குக் கிலோக் கணக்கிற் பணம் கொடுப்பது இது. நாட்கூலி அடிமைத்தனத்திலிருந்து விடுதலை எனச் சிலர் இதனைப் போற்றுகின்றனர். தாழ்நாட்டுச் சிறுதோட்டக்காரரை முன்மாதிரியாகக் காட்டுவோரும் உளர். அவருக்குக் காணியுறுதி உண்டு, சூத்திரப்படி விலை உண்டு, கொழுந்தை எந்தத் தொழிற்சாலைக்கும் விற்கும் சுதந்திரம் உண்டு. உறுதியின்றி, ஒரே தொழிற்சாலைக்கு மட்டும், கம்பனி சொல்லும் விலைக்கு விற்பவனுக்கு அவரோடு என்ன ஒப்புமை? மழை பொய்த்தால் நட்டம் அவனுக்கு. ஏலத்தில் விலை ஏறினால் இலாபம் கம்பனிக்கு. சேமலாப நிதியும் மகப்பேற்றுச் சகாயமும் இடையிலே காணாமற் போய்விடும். வீட்டுக்கென வழங்கப்பட்டுவந்த 7 பேர்ச் காணியையும் இதே கண்கொண்டு நோக்கவேண்டும். லயத்தைவிட்டுத் தனிவீட்டுக்குப் போதல் மிகப் பெரிய மாற்றமே. அதனைக் குறைத்து மதிப்பவர் லயத்தில் ஓரிரவேனும் உறங்கியிருக்க மாட்டார். ஆயினும் 7 பேர்ச்சில் உறங்கலாம், உழுதுண்ண முடியாது.

உறுதியோடு கூடிய பயிர்நிலம், 68 சதவீதச் சூத்திரம், எந்தத் தொழிற்சாலைக்கும் விற்கும் உரிமை ஆகிய மூன்றும் தென்மாகாணத்துச் சிறுதோட்டக்காரருக்குச் சட்டத்தால் சாத்தியமாயிற்று எனின், நுவரெலியாவிலும் பதுளையிலும் அது சாத்தியமாகாமைக்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவுமில்லை. தரிசாகக் கைவிடப்பட்ட தோட்டப் பரப்புகளே முதற்கட்டத்துக்குப் போதியன. 1992 இலிருந்து கணிக்கப்படும் குத்தகைகள் 2045 இல் முடிவடைகின்றன. அந்நிலம் அரசினுடையது, அதனை அடுத்து எவருக்கு, எந்நிபந்தனையோடு கொடுப்பது என்ற பேச்சு அதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே கொழும்பிலே தொடங்கிவிடும். கம்பனிகளின் சட்டத்தரணிகளும் கணக்காளரும் அப்பேச்சுக்கு வந்து அமர்வர். தொழிலாளர் சார்பில் அம்மேசையில் அமர்வோர் கையில், இதுவரை போல, அடுத்த இரண்டாண்டுக்கான நாட்கூலித் தொகை எழுதிய ஒரு துண்டுத்தாள் மட்டும் இருக்குமா, மலைகளின் நில அளவைப் படமும் இருக்குமா என்பது மலையகத்திலிருந்து இன்று பல்கலைக்கழகங்களுக்கு வந்துள்ள மாணவர் எதனைக் கற்கின்றனர் என்பதையும் பொறுத்தது.